ஏழாவது மெஷின்

வேலூரில் ஓட்டல் மாடியில் ஒருநாள் பயிற்சி.
கழுத்தில் அட்டை, கையில் பேப்பர் கப்.
ஐந்து ஐந்து பேராகக் கூடிக் கோபுரம் கட்டச் சொன்னார்
டை கட்டியவர்.
எங்கள் கோபுரம்தான் உயரம். கைதட்டினார்கள்.
ஆம்பூர் பஸ்ஸில் உட்கார்ந்து
நோட்டில் ஒரு வரியை அடிக்கோடிட்டேன்:
மெதுவாக ஓடுவது யார், கண்டுபிடி.

மறுநாளே கண்டுபிடித்தேன்.
நான்காவது லைன், ஏழாவது மெஷின்,
தில்ஷாத்.
மணிக்கு ஐம்பத்திரண்டு ஜோடி.
மற்றவர்களெல்லாம் அறுபத்தைந்து.
அவள் மேசையில் மட்டும் தைக்காத தோல்
குட்டிச்சுவர் மாதிரி நிற்கும்.

பசை பூசும் பகுதிக்கு மாற்றினேன்.
ஏன் என்று கேட்கவில்லை.
கத்தரியைத் துடைத்து டப்பாவில் போட்டு
துப்பட்டாவில் ஒட்டிய நூலை உதறிக்கொண்டே போனாள்.
அந்த நாற்காலியில் சங்கீதபிரியா,
பேர்ணாம்பட்டு வேனில் வரும் பெண்.
கை அல்ல அது, கோடை மழை.
எழுபது!

திங்கள், பலகையில் எண்ணைப் பெரிதாக எழுதினேன்.
செவ்வாய், மேனேஜர் எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.
புதன், செக்கிங் மேசையிலிருந்து
நாற்பது ஜோடி திரும்பி வந்தது.
வியாழன், நூற்றிப்பத்து.
ஓரம் விலகின தையல்,
வலதை விட மூன்று மில்லி குட்டையான இடது,
கோணின நாக்கு.
ஜெர்மனிக்குப் போகிற ஷூ
கோணல் நாக்கோடு போனால்
நம்மைப் பற்றி அங்கே என்ன பேசும்?

ஆறாவது மெஷின் ஐந்தைச் சொன்னது.
ஐந்து, கட்டிங்கைச் சொன்னது.
கட்டிங், தோலைச் சொன்னது.
இனி மாட்டைத்தான் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும்.

சாப்பாட்டு மணியில் அமலோற்பவம்
டிபன் மூடியைத் திறந்தபடி சொன்னாள்:
"இன்னாக்கா, உனக்கு நெஜமாவே தெரியாதா?
எனக்கு வெள்ளெழுத்து வந்து ஒரு வருஷம் ஆவுது.
கறுப்புத் தோல்ல கறுப்பு நூலு.
நான் தப்பா வுட்டதைப் பிரிச்சு
தில்ஷாத்துதான் திரும்ப அடிப்பா.
கன்னியம்மா மெஷினு தோலை இழுக்கும்,
அதையும் அவதான் தட்டிச் சரி பண்ணுவா.
நாக்கை நேரா வெக்கறதும் அவதான்.
உன்கிட்ட சொல்ல வேணாம்னு பேசிக்கினோம்.
சொன்னா ஆளை மாத்திடுவன்னு."

என் நோட்டில் ஐம்பத்திரண்டு என்று இருந்தது.
அதற்குள் யார் யாருடைய அறுபத்தைந்து இருந்தது
என்று எழுத
அந்தப் பக்கத்தில் கட்டம் இல்லை.

எட்டுப் பேர்.
ஒரு வருஷம்.
ஒருத்தி கண்ணையும் ஒரு மெஷினின் கோளாறையும்
வாய் தவறிக்கூட விடாமல் காத்திருக்கிறார்கள்.
அவ்வளவு கட்டுப்பாடான குழு.
அவர்கள் மறைத்தது ஒரே ஒரு ஆளிடம்.
அந்த ஆள் நான்.

வெள்ளி, பசைப் பகுதிக்குப் போனேன்.
மூக்கை மூடித் துப்பட்டா கட்டியிருந்தாள்.
தப்பு என்மேல்தான் என்று தொடங்கினேன்,
பசை வாடையில் இருமல் வந்துவிட்டது.
பிரஷ்ஷைக் கீழே வைக்காமலே சொன்னாள்:
"அமலுக்குக் கண்ணாடி போடுங்க.
கன்னியம்மா மெஷினுக்கு பெல்ட் மாத்துங்க.
அதுக்கப்புறமும் நான் வேணும்னா வரேன்."

பெல்ட் மூன்று நாளில் வந்தது.
கண்ணாடிக்குக் கணக்கில் தலைப்பே இல்லை
என்றார் மேனேஜர்.

தில்ஷாத் வந்துவிட்டாள்.
மணிக்கு அறுபது அறுபத்தொன்று போகிறது,
நான் பலகையில் எழுதுவதில்லை.
சங்கீதபிரியா எட்டாவதில். கோடை மழை
கொஞ்சம் நிதானமாகப் பெய்கிறது.

நேற்று டீ நேரத்தில்
அட்டைப்பெட்டி மூடியைக் கிழித்த ஒரு துண்டு
கைக்குக் கை மாறி என்னிடம் வந்தது.
அமல் கண்ணாடி, ஆளுக்கு இருநூறு.
ஒன்பது பெயர்.
கடைசியில், பால்பாயின்ட் மசி தீர்ந்து
பாதி எழுத்து பள்ளமாக மட்டும் விழுந்த கையெழுத்தில்,
குணவதி.
பக்கத்தில் சூப்பர்வைசர் என்று
யாரும் எழுதியிருக்கவில்லை.