இடது பின்னங்கால்

எம்மே ஆற்றுப் பாலத்தின் நடுவில்
மூன்று காலில் நின்றது பேரி.
நாலாவதை,
யாரிடமோ திருப்பிக் கொடுக்க வந்ததுபோல
தூக்கி வைத்திருந்தது.

நாய் என்னுடையதல்ல.
இடுப்பெலும்பு மாற்ற பேர்னுக்குப் போன
கீழ்வீட்டு ஸ்பின்டன்
சாவியும் நாயும் ஒன்பது விதி எழுதிய தாளும் தந்திருந்தார்.
நொண்டலைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

பனியில் முழங்காலூன்றி விரலிடுக்கைப் பிரித்தேன்.
முள்ளில்லை, கண்ணாடியில்லை.
வீதியில் கொட்டிய உப்பும் பனியும் உருண்டு
ரோமத்தில் மிளகளவாய்க் கோத்திருந்தன.
அப்பாடா, இவ்வளவுதானா.

வீட்டில் வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்தேன்.
அரிசி களையும் சட்டியில்.
"இனி அது நாயின்ர சட்டி" என்றாள் நளாயினி.

இரவும் நொண்டியது.
மரத்தரையில் பின்னங்கால் வழுக்கி
பூசை அறைக் கம்பளத்தில் போய் விழுந்து
அங்கேயே கிடந்தது.
தொடையிலிருந்து மெல்ல அழுத்திக்கொண்டு வந்தேன்.
முழங்காலில்
என் மணிக்கட்டைப் பல்லால் பிடித்தது.
கடிக்கவில்லை. முற்றுப்புள்ளி வைத்தது.

பேக்கரியில் மா மூட்டை தூக்கும் என் முதுகுக்கென்று
இழுப்பறையில் மாத்திரை உண்டு.
ஒன்றைப் பாதியாக உடைத்துவிட்டுத்தான் தாளைப் பார்த்தேன்.
ஆறாவது விதி, இரண்டு கோடு கீழே:
மனிதர் மாத்திரை நாய்க்கு நஞ்சு.
பாதியை நானே விழுங்கினேன்.
மற்றப் பாதியையும்.

உறைபெட்டியில் அகப்பட்டது தேங்காய்ப்பூப் பொதி.
துவாயில் சுற்றி முழங்காலில் வைத்தேன், பத்து நிமிடம்.
அது என்னைப் பார்க்கவில்லை,
சுவரைப் பார்த்தது.

காலையில் முப்பத்தெட்டுக் கிலோவைத்
தோளில் போட்டு மூன்று மாடி இறங்கினேன்.
வைத்தியர் முழங்காலை முன்னும் பின்னும் அசைத்தார்.
தசைநார் கிழிந்திருக்கு, இன்று நேற்றல்ல,
மாதக்கணக்கு என்றார்.

மாதக்கணக்காய் யாருக்கும் தெரியாமலா?
திரும்பும் வழியில்தான் விளங்கியது:
ஸ்பின்டன் நடப்பது
பத்தடிக்கு ஒரு நிற்பு.
அந்த நடைக்குள் இது ஒளிந்து நடந்திருக்கிறது.
வேகமாய் இழுத்துப் போனவன் நான்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சொன்னேன்.
கன நேரம் சத்தமில்லை.
பிறகு, "எந்தக் கால்?"
"இடது. பின்னங்கால்."
"படியில் யார் தூக்குவது?"
"நான்."
தாதி வந்துவிட்டாள் போலும், வைத்துவிட்டார்.

தேங்காய்ப்பூ முழுக்க இளகிவிட்டது.
இன்றைக்குச் சம்பல்தான்.