பதினேழு அடி

கிணத்துக் கட்டிலிருந்து கழுவுற கல்லுக்குப்
பதினேழு அடி.
பாமினி அளந்தவ, தையல் நாடாவால,
கலியாணம் முடிஞ்சு நாலாம் நாள்.
"கீழ முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு,
ஓட்டை ஓட்டையாய்.
இதில ஊத்திறது அதில வரும்" எண்டா.
நான் சிரிச்சன்.
அவ சிரிக்கேல்லை.

பகல் முழுக்க ஆய்வுகூடத்தில இருந்து
போத்தல் போத்தலாய் ஏழாலையைப் பார்க்கிறவ:
கோயில் கிணறு, பள்ளிக்கூடக் கிணறு,
வெங்காயத் தோட்டத்துக் கிணறு,
செல்லையற்ற பின்வளவுக் கிணறு.
எதில எவ்வளவு உப்பு, எதில எவ்வளவு உரம்,
ஆர் கேட்டாலும் சொல்லமாட்டா.
ஆனா சில வீடுகளில தேத்தண்ணி நீட்டினால்
"இப்பதான் குடிச்சனான்" எண்டுவா.

சமைக்கிறது அவ. கழுவுறது நான்.
எனக்கு அளந்து தந்தது ரெண்டு வாளி,
சின்ன வாளி, ஐஸ்கிறீம் வாங்கினது.
ஒண்டில தேய்க்க, ஒண்டில அலச.
முதல் கிளாஸ். பிறகு சோத்துக் கோப்பையள்.
மீன்சட்டி எல்லாத்துக்கும் கடைசி,
அதையும் வாழைச் சருகால வழிச்சுப்போட்டுத்தான்.
முள்ளுக்குப் பூனை நிக்கும்.
மிஞ்சின தண்ணி இதரை வாழைக்கு.
முதல் மாதம் நான் வரிசையைப் பிழைவிட்டு
வீட்டிலுள்ள கிளாஸெல்லாம் சூடைமீன் மணம்.
அவ ஒண்டும் சொல்லேல்லை,
அந்தக் கிளாசிலேயே எனக்கு மோர் ஊத்தித் தந்தா.

சவர்க்காரம், பூந்திக்கொட்டை அவிச்ச தண்ணி.
கோண்டாவிலில ஏழு பொம்பிளையள் சேர்ந்து காய்ச்சினம்.
புதுப் போத்தலுக்குக் காசில்லை.
பழைய சாராயப் போத்தலில வரும்,
லேபிள் அரைவாசி உரிஞ்சு.
நிறமும் அதேதான்.

இதாலதான் வந்தது வினை.

இரவு எட்டரை. கரண்ட் இல்லை.
கல்லடியில குந்தியிருந்து
போன் வெளிச்சத்தில
மூடியால அளந்து ஊத்திறன்,
ஒரு மூடி, பிறகு தண்ணி கலக்கிறன்.
தகரவேலிக்கு அங்கால குணநாயகி அக்கா
எத்தினை நாளாய்ப் பார்த்துக்கொண்டு நிண்டாவோ.
மூண்டாம் கிழமை
அளவெட்டியிலிருந்து மாமி பஸ் ஏறி வந்திட்டா,
கையில கோயில் நூல்.
"ஒவ்வொரு ராவும் கிணத்தடியில தனிய இருந்து குடிக்கிறாராம்.
அதுவும் அளந்தாம்."
அளந்து எண்டதுதான் மாமிக்குப் பயம்.
அளந்து குடிக்கிறவன் லேசில விடமாட்டானாம்.

விடிய, போத்தலோட வேலியடிக்குப் போனன்.
"அக்கா, மணந்து பாருங்கோ."
மணந்தா.
புளிச்ச அப்பிளும் ஈரச்சாக்கும் கலந்த மாதிரி
ஒரு மணம் அதுக்கு.
முகத்தைச் சுளிச்சுக்கொண்டு கேட்டா,
"நுரை வருமே?"
"கொஞ்சம்."
"நுரை இல்லாட்டி ஊத்தை போட்டுதெண்டு எப்பிடித் தெரியும்?"
கழுவி வைச்ச கோப்பை ஒண்டை எட்டிக் குடுத்து
பெருவிரலால தேய்ச்சுப் பார்க்கச் சொன்னன்.
கீச்செண்டுது.
திரும்பவும் தேய்ச்சா.
கீச்.

அப்பதான் அவவின்ர பக்கத்தைப் பார்த்தன்.
பைப் திறந்தபடி ஓடுது,
அடியில ஒரு கறிச்சட்டி, வேற ஒண்டுமில்லை.
நீலத்தூள் நுரை வாய்க்காலாய்ப் போய்
எங்கட வேலிக்குக் கீழ மறையுது.
அங்கயிருந்து எங்கட கிணறு
எத்தினை அடியெண்டு கண்ணால அளந்தன்.
ஒம்பது.
பத்தெண்டே வைப்பம்.

சொல்ல வாய் வரேல்லை.
குடிகாரப் பட்டம் இறங்கி அஞ்சு நிமிசமும் ஆகேல்லை.
போத்தலை அங்கேயே விட்டிட்டு வந்தன்.

பத்து நாளால
வெறும் போத்தல் வேலிக் கம்பியில தொங்கினது,
கழுத்தில சணல் கட்டி, தலைகீழாய்.
பாமினி கழட்டிக்கொண்டு வந்து
மேசையில வைச்சா,
நாளைக்குக் கொண்டுபோற தண்ணிப் போத்தல்களுக்குப் பக்கத்தில.

சனிக்கிழமை நிரப்பிக்கொண்டு போனவ,
திரும்பி வர மணி ஏழு.
தேத்தண்ணி தந்தவையாம்.
"குடிச்சனீரோ?"

செருப்பைக் கழட்டி, கால் கழுவி,
உள்ள போய் லைற்றைப் போட்டிட்டுச் சொன்னா,
"அரைக் கோப்பை."