தலைக்கனம்

விமானத்தின் பெயரிலேயே ‘இலகு’ இருக்கிறது.
தலைக்கவசம் ஒரு கிலோ தொள்ளாயிரம்.
நேற்றும் நிறுத்தேன், இன்றும் நிறுத்தேன்,
குறையவில்லை.

தாம்பரம் விமானப்படைத் தளம்,
ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும் ஓர் அறை.
என் வேலை தலைகளோடு.
நெற்றிச் சுற்றளவு,
காதிலிருந்து காதுவரை உச்சி வழியாக,
இரண்டு கருவிழிகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர்.
அந்நியர்களின் கண்களை
இத்தனை அருகில் இத்தனை நேரம் பார்த்தவர்கள்
இந்த ஊரில் கண் டாக்டர்களும் நானும்தான்.

சற்குணம் சாருக்கு அறுபத்துமூன்று.
பர்மிந்தருக்கு அறுபத்தாறு; கொண்டைக்கு இடம் விட்டு
உள்திண்டை மூன்று முறை அறுத்தேன்.
மிருதுளாவின் அளவு அட்டவணையிலேயே இல்லை.
ஸ்பாஞ்சைக் கத்தரித்து ஒட்டி அனுப்பினேன்.
‘இப்போது ஆடவில்லை அக்கா’ என்றாள்,
அரைகுறைத் தமிழில்.

பார்த்தால் போதும், அதுதான் இதன் வித்தை.
கழுத்தைத் திருப்பிக் கண்ணை நிறுத்தினால்
முகக்கண்ணாடியில் பச்சைச் சதுரம் வந்து உட்காரும்.
இறக்கைக்குக் கீழே ஏவுகணையின் மூக்கு
அதே பக்கம் திரும்பும், நாய்க்குட்டி மாதிரி.
திங்கட்கிழமை தரைச் சோதனை.
எதிரி யாரும் அகப்படாமல்
சற்குணம் சார் புல்லைப் பார்த்தார்.
செம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து வந்த கொக்கு
ஒற்றைக்காலில் நின்றிருந்தது.
சதுரம் அதன்மேல் பூட்டிக்கொண்டது.
‘லாக்!’ என்றார் ரேடியோவில்.
முறைத்தே கொக்கை எரித்தவன் கதை
தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.
அடுத்த வீட்டில் சோறு போட வந்தவளிடம்
அந்தக் கண் பலிக்கவில்லை என்பதும் தெரியும்.
கொக்கு எதையோ கொத்தித் தின்றுவிட்டு
இரண்டடி தள்ளிப் போய் நின்றது.

வியாழன், நிஜச் சோதனை.
கோவளத்துக்குக் கிழக்கே, கடலுக்கு மேல்,
நாற்பது நிமிடம் பொய்ச்சண்டை.
சற்குணம் சார் மூன்று முறை கொன்றார்,
ஒரு முறை செத்தார்.
கொல்லப்பட்ட பர்மிந்தரும் அவரும்
மதியம் ஒரே மேஜையில் தயிர்சாதம்.
ஊறுகாயை நகர்த்தி வைத்தது செத்தவர்தான்.

எட்டு ஜி-யில் என் தலைக்கவசம் பதினைந்து கிலோ.
காலி கேஸ் சிலிண்டரைத் தலையில் சுமந்துகொண்டு
பின்னால் வருகிறவனைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.
கூடவே அவரவர் சொந்தத் தலையின் எடை.
அதைப் படிவம் கேட்பதில்லை.

படிவம் பதினான்காம் கேள்வியில் கேட்பது:
கழுத்து வலி உண்டா?
‘இல்லை’ என்று எழுதினார்.
உண்டு என்றால் மருத்துவப் பிரிவு,
மருத்துவப் பிரிவு என்றால் ஆறு வாரம் தரை.
அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்,
டெல்லியிலிருந்து வந்து பேனாவோடு நின்றவருக்கும் தெரியும்.
‘இந்தியக் கவசம், இந்திய விமானம்’ என்றார் அவர்,
வாக்கியத்தை முடிக்காமல்.

‘சார், கிளிப் மாட்டியிருக்கிறதா பார்க்கணும்,
இந்தப் பக்கம் திரும்புங்கள்’ என்றேன்.
திரும்பினார்.
நாற்காலி திரும்பியது, தோள் திரும்பியது,
இடுப்பு திரும்பியது.
கழுத்து மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.
அறுபத்துமூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கண்கள்
என்மேல் பூட்டிக்கொண்டன.
எழுதாதே என்றன.

பொருத்துநர் குறிப்பு என்று கடைசியில் ஒரு கட்டம்,
எப்போதும் கோடு கிழித்துவிடுவேன்.
அன்று எழுதினேன்:
திரும்பச் சொன்னேன். உடம்போடு திரும்பினார்.
கீழே: தமயந்தி, நேரம் 16.40.

இரும்புலியூர் மேம்பாலம் ஏறும்போது
என் தலையில் நானூறு ரூபாய் ஹெல்மெட்,
ஐஎஸ்ஐ ஸ்டிக்கரும் சந்தேகம்தான்.
நாளை சற்குணம் சார் என்னோடு பேசமாட்டார்.
முன்னால் போனவன் தன் ஹெல்மெட்டை
முழங்கையில் மாட்டியிருந்தான்.
ஐம்பத்தேழு சென்டிமீட்டர் இருக்கும், மீடியம்.
பின்னால் ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.
திரும்பிப் பார்த்தேன்,
கழுத்தால்.