இருபத்தெட்டுப் பரப்பு

உப்புத் தண்ணீரிலிருந்து நாலு கிலோமீற்றர்
தள்ளி இருக்கவேண்டும் என்றது கொழும்புப் படிவம்.
கவராயத்தை ஊன்றிக்
கடலுக்கும் களப்புக்கும் கோடிழுத்தேன்.
முழுக் குடாநாட்டிலும் மிஞ்சியது
கடித்துவைத்த ரொட்டித் துண்டளவு.
அதற்குள் சந்தைகள், மயானங்கள், ஒரு முகாம்,
ஊரெழுவில் தவமலரின் இருபத்தெட்டுப் பரப்பு.

கரண்ட் கம்பி பக்கத்தில்.
நாரிழைக் கேபிள் பலாலி வீதியோடு போகிறது.
ஒழுங்கை ஒடுக்கம், அகட்டலாம்.
செம்மண். வெள்ளம் நிற்பதில்லை.
பச்சைப் பேனையால் வட்டம் போட்டேன்.
ஒரு நாள் முழுக்க நல்ல சந்தோசம்.

மறுநாள் மரியநேசன் துளைபோட வந்தான்.
ஐந்தடியில் கல். பத்தடியில் கல்.
இருபத்திரண்டில்
கையை உதறிக்கொண்டோடும் பிள்ளைபோலக்
கம்பி கீழே போனது.
சத்தமில்லை.
பிறகு தண்ணீர்ச் சத்தம்.
பீடியைக் காதில் செருகிக்கொண்டு சொன்னான்:
"மிஸ், கீழையும் ஒரு வீடு கிடக்கு.
ஆக்கள்தான் இல்லை."
ஒரு அடுக்கு ஒரு தொன்.
அறுபது அடுக்கு, மூன்று ஜெனரேற்றர்.
சுண்ணக்கல்லிடம் எதைச் சொல்லிச் சமாளிக்க?

தவமலர் பீற்றூட் பாத்திக்குள்ளிருந்து எழும்பி வந்தா.
"உது நாளுக்கு எவ்வளவு தண்ணி குடிக்கும்?"
கன மீற்றரில் சொன்னேன்.
விரலை மடக்கி மோட்டருக்கு மாற்றினா:
"என்ர மெசினுக்கு ஒம்பது மணித்தியாலம்.
சித்திரையில ரெண்டு மணித்தியாலம் இறைச்சாலே
என்ர கிணறு கரிக்கும், பிள்ளை."

"கரண்ட் நிண்டால்?"
"டீசல் இருக்கு. எழுபத்திரண்டு மணித்தியாலம் தாங்கும்."
சிரித்தா. கெட்ட சிரிப்பில்லை.
சைக்கிளைக் கவிழ்த்து வைத்து
டைனமோவில் றேடியோ கேட்ட வருசங்களை
அவ எனக்கு எண்ணிச் சொல்லவில்லை.
படிவத்தில் ஒரு பெட்டி: கடந்தகால ஆபத்துகள்.
தட்டினால் விரியும்:
வெள்ளம், சூறாவளி, நிலநடுக்கம், மண்சரிவு.
ஏனையவை என்றால்
ஐம்பது எழுத்துக்குள் முடிக்கவேண்டும்.

"உள்ளுக்கை என்னத்தை வைக்கப்போறியள்?"
வங்கிக் கணக்கு, ஆசுபத்திரிக் குறிப்பு,
ஆரினதோ கல்யாணப் படங்கள்.
"எல்லாம் பிரதிதான் அக்கா. மூலம் தெற்கில.
ரெண்டையும் ஒரே ஊரில வைக்கப்படாது.
ஒண்டு போனாலும் மற்றது மிஞ்சவேணும்."

மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக்
காலால் வழித்துவிட்டா.
"எங்கட அப்பா உதைப் படிச்சவரோ தெரியாது.
மூத்தவன் பேர்ணில.
இளையவன் பிரம்ரனில. தங்கச்சி ஒஸ்லோ.
என்னை இஞ்ச விட்டவர்.
நீங்கள் படிச்சனீங்கள், சொல்லுங்கோ:
நான் மூலமோ, பிரதியோ?"

மரியநேசன் கம்பிகளை எண்ணுவதுபோல
மற்றப் பக்கம் பார்த்தான்.
நான் உறுதியைப் பார்த்தேன்.
நாலு பெயர், நாலு கையெழுத்து.
உரிமையாளரைத் தொடர்புகொள்ள உகந்த நேரம்
என்ற இடத்தில்
நாலு நேரங்களை எழுதினேன்.
ஒன்று மற்றொன்றின் நித்திரைக்குள் விழுந்தது.

பொருத்தமில்லை என்று அறிக்கை போனது.
அப்ப எந்த இடம்தான் சரி என்று
கொழும்பு தொலைபேசியில் கோபப்பட்டது.
வவுனியாவுக்குத் தெற்கே பாருங்கள் என்றேன்.
அங்கேயும் ஒரு தவமலர் இருப்பா.
அதை நான் சொல்லவில்லை.

துளையை மூடச் சீமெந்து குழைத்தோம்.
"விடுங்கோ," என்றா.
"தண்ணி எங்க நிக்குதெண்டு பாக்கலாம்."
நூலில் ஒரு பழைய திறப்பைக் கட்டி இறக்கினா.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வட்ஸ்அப் வரும்.
பதினேழு அடி.
பதினேழு அடி நாலு அங்குலம்.
பங்குனி கடைசியில்: பத்தொன்பது, கொஞ்சம் கரிக்குது.
ஒன்றையும் அழிப்பதில்லை நான்.
எந்த நாட்டில், எந்தக் குளிரறைக்குள்
அந்தக் கிணற்றின் ஆழம் இருக்கிறதென்று
எனக்குத் தெரியாது.
அங்கே ஆரோ இடம் பார்த்திருப்பினம்.