கடைசிச் சர்க்கரை

வாலிநோக்கத்தில் விடிந்தபோது
உப்புப் பாத்தி வரப்பில்
ஏழு கடற்காக்கைகள் கிடந்தன.
எட்டாவது நடந்துகொண்டிருந்தது,
கழுத்தைப் பின்னால் முறுக்கி
வாலைத் தொலைத்ததுபோலச் சுற்றிச் சுற்றி.

காதர் பிச்சை ஜீப்பை விட்டு இறங்கவில்லை.
"மேடம், காத்து எந்தப் பக்கமிருந்து வருது?"
கச்சான் என்றேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

அலகுக்குள் ஒரு பஞ்சு, வாலடியில் ஒரு பஞ்சு.
குச்சியை ஒடித்துக் குழாயில் போட்டு
எண் எழுதி ஐஸ் பெட்டியில்.
மண்டபத்தில் இரவல் வாங்கிய பெட்டி,
எவ்வளவு கழுவியும் சீலா மீன் வாசம்.

குழாய்க்குள் இருக்கிறதோ இல்லையோ,
இருந்தால் அதற்குக் கண் கிடையாது.
தேடத் தெரியாது. மிதக்கும், முட்டும், நழுவும்.
உடம்பெல்லாம் கொம்பு,
ஒவ்வொரு கொம்பும் மூன்று புரி முறுக்கிய கயிறு,
உச்சியில் ஒரு பள்ளம்.
நகக்கண் அளவு என்று சொல்ல ஆசைதான்,
நகக்கண்ணில் அப்படிக் கோடிப் பள்ளம் கொள்ளும்.

உயிரணுவின் மேலே சர்க்கரைப் புல் முளைத்திருக்கிறது.
நுனியில் சயாலிக் அமிலம்,
கடைசிச் சர்க்கரை.
அது தனக்குக் கீழே உள்ள கணுவை
எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்பதில்தான் எல்லாம்.
பறவையின் குடலில் மூன்றாம் இடம்:
புல் நிமிர்ந்து நிற்கும்.
நம் மூக்கில், தொண்டையில் ஆறாம் இடம்:
மடங்கிக் குடையாகக் கவிழும்.
நிமிர்ந்தது பள்ளத்தில் இறங்கும்.
கவிழ்ந்தது இடிக்கும்.
இவ்வளவு சின்ன இடிப்பின் மறைவில்
நாம் கோழி வாங்குகிறோம், முட்டை எண்ணுகிறோம்.

பூட்டு, சாவி என்று வகுப்பில் சொன்னார்கள்.
சாவி ஒரே திருப்பில் திறக்கும்.
இது சேலைக் கரையில் ஏறும் ஒட்டுப்புல்.
ஒன்றைத் தட்டினால் உதிரும்,
நாற்பது சேர்ந்தால் சேலைதான் கிழியும்.
பிடித்துத் தொங்குவதை
உயிரணு தானே உள்ளே இழுத்துக்கொள்ளும்.
பெருகி வெளியேறும்போது
அதே சர்க்கரையை அறுக்க
இன்னொரு கொம்பில் கத்தி வைத்திருக்கிறது.
தின்ற வீட்டின் நிலையைப்
பெயர்த்துக்கொண்டு போகும் விருந்தாளி.

கருவாட்டுக் களத்திலிருந்து மரிய சித்ரா வந்தார்.
முந்தாநாள் ஒன்று துடித்துக் கிடந்ததாம்,
நிழலில் தூக்கிப் போட்டு
அலகில் தண்ணீர் விட்டாராம்.
"சிலுப்புச்சு பாருங்க, மூஞ்சியெல்லாம்."
இடது கண் செம்பருத்தியாகச் சிவந்திருந்தது.
"உப்புத் தூசிதானே?"

தூசியாகவும் இருக்கலாம் என்றேன்.
சொல்லாதது இது:
மூக்கில் கவிழ்கிற புல்
கண்ணின் வெண்படலத்தில் கவிழ்வதில்லை.
அங்கே நிமிர்ந்து நிற்கிறது,
காக்கைக்கு நிற்பதுபோல.
ஆளுக்கு இரண்டு சொட்டுப் பறவையை
இமைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான்
கடலைப் பார்க்கிறோம்.

கீழிமையை இழுத்துப் பஞ்சை ஒற்றினேன்.
அவர் சிணுங்கவில்லை. குழாயைப் பார்த்தார்.
"எனக்கும் நம்பரா?"
பதினேழு.
"காக்காய்க்கு அடுத்து நானா" என்று சிரித்துவிட்டு,
சிரிப்பை நிறுத்தி,
"பிள்ளைகளுக்குத் தொத்துமா?"

கொம்பின் கோவையில் ஒரு மணி,
இருநூற்று இருபத்தாறாவது,
அது ஒன்று மாறினால் போதும் என்கிறார்கள்,
பள்ளம் குடைக்கும் இடம் விட்டுவிடலாம்.
மாறியிருக்கிறதா என்று குழாய் சொல்ல
நாலு நாள் ஆகும்.
தனியாகப் படுங்கள், முகத்துணியை எடுக்காதீர்கள்,
மாத்திரை இன்றைக்கே வரும் என்றேன்.
தலையாட்டினார். களத்தில் காரல் காய்ந்துகொண்டிருந்தது,
அதை யார் புரட்டுவது என்பது
இருவருக்கும் தெரியவில்லை.

எட்டாவது காக்கை நின்றிருந்தது.
தூரத்தில் பூநாரைகள் சேற்றைச் சலித்தன,
ஒன்றும் நடக்காததுபோல.

அங்கியையும் கண்ணாடியையும் பையில் கட்டி,
கையை இரண்டு முறை கழுவி ஏறினேன்.
ஏர்வாடி விலக்கு தாண்டியதும்
இடது கண் அரிக்கத் தொடங்கியது.
உப்புதான். தூங்காத இரவுதான்.
காதர் பிச்சை கண்ணாடியில் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.
இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து
அதன் மேலேயே உட்கார்ந்திருந்தேன்,
ராமநாதபுரம் வரை.