உறவுமுறை என்ற கட்டம்

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு,
அசல் ராகு காலத்தில்,
எனக்குக் கல்யாணம் ஆனது.
யாரும் பஞ்சாங்கம் புரட்டவில்லை.
வெறும் பதிவுதானே என்றார் கஸ்தூரி அத்தை,
இன்னும் மாமியார் ஆகாத என் மாமியார்.

அவர்கள் வீட்டுப் பெரியப்பா தவறி
வருடம் திரும்பவில்லை.
கோயில் கல்யாணம் அடுத்த தையில்தான்.
ஆனால் வீவக துக்கம் காப்பதில்லை.
தெங்காவில் பதினோராம் மாடி தயாராகிவிட்டது;
சாவி வந்த மூன்று மாதத்துக்குள்
சான்றிதழ் காட்ட வேண்டும்.

பதிவு செய்ய வந்தவர் திரு இயோ,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்.
வருகைப் பதிவேடு படிப்பவர்போல
இள - வேந்தன், பத்ம - ஜோதி என்று
உடைத்து உடைத்து வாசித்தார்.
மோதிரம் மூட்டில் சிக்கிக்கொண்டது.
சட்டப்படி நீங்கள் கணவன் மனைவி என்றார்.
ஆறு நிமிடம்.
பிறகு பிரியாணி சாப்பிட்டுவிட்டு
அவன் ஈசூன் போனான், நான் பிடோக் போனேன்.

வருமான வரிக்கு நான் மனைவி.
அர்ச்சனைத் தட்டுக்கு அப்பாவின் மகள்.
ஞாயிறுதோறும் புது வீட்டில்
சன்னல் அளந்தோம், சிமெண்டுத் தூசி கூட்டினோம்.
மாவிலை கட்டும்வரை அங்கே படுக்கக் கூடாது.
இருட்டுவதற்குள் பூட்டிவிட்டு
ஆளுக்கொரு ரயில் பிடித்தோம்.

ஆடி வந்தது.
புதுத் தம்பதியைப் பிரித்து வைக்கும் மாதம்.
எங்களைப் பிரிக்க
முதலில் சேர்த்திருக்க வேண்டுமே என்று
அவன் தொலைபேசியில் சிரித்த அன்றைக்கு
மழையில் அவன் மோட்டார்சைக்கிள் சறுக்கியது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில்
தாதி படிவத்தோடு வந்தாள்.
நோயாளிக்கு யார் நீங்கள்?
அத்தையின் கை பேனாவுக்கு நீண்டது.
மனைவி, என்றேன்.
அந்தச் சொல்லை முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன்.
பேனா என்னிடம் வந்தது.
அந்தரத்தில் நின்ற அத்தையின் கை
கைப்பையின் ஜிப்பைத் தேடிப்போனது.
பெற்றவளைத் தாண்டிக் கையெழுத்திட்டேன்.
எழுத்து கோணலாக விழுந்தது.

அடுத்த நாற்காலியில் ஒரு சீனர், ஐம்பது இருக்கும்.
அவரிடமும் அதே கேள்வி.
நண்பர், என்றார்.
மன்னிக்கவும், குடும்பத்தார் மட்டும்.
தாதி அதை மெதுவாகத்தான் சொன்னாள்.
காப்பி இயந்திரத்தின் முன்னால்
சில்லறை தேடியபடி என்னிடம் சொன்னார்:
பத்தொன்பது வருடம், ஒரே வீடு.
பென்சிலின் ஒத்துக்கொள்ளாது,
இடது காது கொஞ்சம் மந்தம்,
இதையெல்லாம் யாரிடம் சொல்வது?
கையெழுத்துப் போட ஜொகூரிலிருந்து அண்ணன் வருகிறார்.
இருவரும் பேசிப் பதினொரு வருடம்.

உனக்குக் கல்யாணமாகி எவ்வளவு நாள் என்று கேட்டார்.
ஐந்து மாதம் என்றேன்.
இன்னும் ஆறு மாதம் இருக்கிறது என்றும்
சொல்லியிருக்கலாம்.
அவர் முன்னால் இரண்டுமே
திருடிய பொருள்போல இருந்தது.

பத்து மணிக்கு அத்தை என் தோளைத் தொட்டார்.
நீ வீட்டுக்குப் போம்மா.
கல்யாணம் ஆகாத பிள்ளை,
ராத்திரி தங்கினால் நாலு பேர் பேசுவார்கள்.
நான் போகவில்லை.
அவர் மறுபடி சொல்லவும் இல்லை.
விடியற்காலையில்
தன் சால்வையின் ஒரு பாதி என் மேல் கிடந்தது.
சீனரின் நாற்காலி காலி.

இது கார்த்திகை.
இளவேந்தன் ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறான்.
பத்திரிகையின் அச்சுப்படி வந்திருக்கிறது.
சந்தன நிறம், பிள்ளையார் சுழி,
செல்வி பத்மஜோதி.
பிழை ஏதும் உண்டா என்று அச்சகத்தில் கேட்கிறார்கள்.
அத்தை கண்ணாடி போட்டு இருமுறை படித்தார்.
செல்வியில் விரலை வைத்தார்,
என்னைப் பார்த்தார், எடுத்துவிட்டார்.
பிழை இல்லை என்றேன் நானே.

முந்நூறு பிரதி.
கூட ஒன்று எனக்காகக் கேட்டிருக்கிறேன்.
உறையின்மேல் எழுத
அந்த மனிதரின் பெயர்தான் தெரியவில்லை.
படிவம் கேட்காததை
நானும் கேட்காமல் விட்டேன்.