பதருக்கு எத்தனை முகம்

நீடாமங்கலம் கேட் போட்டால்
எங்கள் ஜன்னலுக்குக் கீழே லாரிகள் இருபது நிமிடம் நிற்கும்.
உரக்கடை மாடி. யூரியா வாசனை.
அன்று சாயங்காலத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லியிருந்தார்கள்,
தூசியை எப்படி வரைவது என்று.

அரிசி விளம்பரம்.
ஒருத்தி நெல் தூற்ற வேண்டும்,
பார்க்கிறவர் போனைச் சாய்த்தால் களமும் சாய வேண்டும்.
"தங்கத்தூள் மாதிரி" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள்.
மூன்று ஆச்சரியக்குறி.

முதலில் புள்ளிகளாகப் போட்டேன்.
லட்சம் புள்ளி, ஒரு முனகல் இல்லை.
கிட்டே போய்ப் பார்த்தால்
யாரோ ரவையைக் கொட்டிவிட்டது போல இருந்தது.

அடுத்து ஒவ்வொரு பதருக்கும் உடம்பு கொடுத்தேன்:
வளைவு, நரம்பு, நுனியில் ஒரு வால்.
என் கணினியில் அழகு.
எடைமேடை சவரிமுத்துவின் போனில்
நொடிக்கு ஒன்பது சட்டகம்.
போன் தோசைக்கல்லாகி
மனிதர் கை மாற்றி மாற்றி ஊதிக்கொண்டார்.

மிஞ்சியது சதுரம்.
ஒரு சின்னத் தாள், அதில் ஒரு பதரின் படம்.
நீங்கள் எங்கே நின்றாலும் உங்களையே பார்க்கும்,
ஓட்டுக் கேட்டு வருகிறவர் முகம் போல.

சதுரம் என்று முடிவு செய்தாலும் முடியவில்லை.
ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால்?

கூட்டு என்றால் சுலபம்.
யார் முன்னே யார் பின்னே என்று கேட்காது,
வெளிச்சத்தோடு வெளிச்சம்.
கூட்டக் கூட்ட நடுவில் வெளுத்து
வெல்டிங் பட்டறை ஆகிவிட்டது.
நெல் தூற்றுகிறாளா, களம் பற்றிக்கொண்டதா?

மறை என்றால் தூசி தூசியாக இருக்கும்.
ஆனால் எட்ட இருப்பது முதலில், கிட்ட இருப்பது கடைசியில் என்று
நாற்பதாயிரம் பதரையும்
ஒவ்வொரு சட்டகத்துக்கும் வரிசையில் நிறுத்த வேண்டும்.
ரேஷன் கடையில்கூட
நொடிக்கு அறுபது முறை வரிசையைக் கலைத்து நிற்கச் சொல்வதில்லை.

"கீழ போய் நிஜத்தைப் பாத்துட்டு வாயேன்"
என்றாள் ஹாஜிரா.
கூத்தாநல்லூர் கடைசி பஸ் அவளுக்கு ஒன்பதுக்கு.

கொள்முதல் நிலையத்தில் தூற்றும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.
மணி காலடியில்,
கருக்காய் நான்கடி தள்ளி,
பதர் தார்ச்சாலை வரைக்கும்.
வரிசைப்படுத்தக் காற்றுக்குக் காசு செலவில்லை.
எனக்குப் பொறாமையாக இருந்தது.

கேட் திறந்தது.
ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது.
எதிரே நின்ற எனக்கு எல்லாப் பதரும் எரிந்தன.
லாரி என்னைத் தாண்டியது, திரும்பிப் பார்த்தேன்:
அதே பதர், அதே காற்று,
இப்போது சாம்பல் நிறத்தில்
வண்டி நம்பரை மறைத்துக்கொண்டிருந்தது.

மாடிக்கு ஓடினேன்.
நிறத்தை ஆல்பாவால் முன்கூட்டியே பெருக்கி வைத்தேன்.
பிறகு இரண்டுக்கும் ஒரே சமன்பாடு:
மறைப்பு பூஜ்யம் என்றால் ஒளிரும், ஏற ஏற மூடும்.
விளக்குக்கும் கண்ணுக்கும் நடுவில் வருகிற பதருக்குப் பூஜ்யம்.
மற்றதற்கெல்லாம் அதனதன் அழுக்கு.
வரிசையைப் பாதிக்குமேல் கைவிட்டேன்,
இத்துணூண்டு பதர், பொய் சொன்னால் தெரியாது.
நாற்பதாயிரத்தை நாலாயிரமாக்கிவிட்டு
எண்ணச் சொன்னாள் ஹாஜிரா.
எண்ண முடியவில்லை.
"அப்ப அது போதும்" என்று பையை எடுத்துக்கொண்டாள்.

சவரிமுத்துவின் போனில் ஐம்பத்தெட்டு.
இரண்டு முறை சாய்த்துப் பார்த்தார்.
"நெல்லு சரிதான். அரிக்கத்தான் மாட்டேங்குது"
என்று முழங்கையைச் சொறிந்துகொண்டார்.

சுணைக்கு என்னிடம் எந்தக் கலவையும் இல்லை.

காலையில் பதில் வந்திருந்தது:
இன்னும் கொஞ்சம் தங்கம்.
எண்ணை ஒரு புள்ளி இறக்கினேன், பிறகு இன்னொரு புள்ளி.
காலருக்குள் எங்கோ
நேற்றைய பதர் ஒன்று
குத்திக்கொண்டேயிருந்தது.